இலாகா விசாரணையும் ஐகோர்ட்டும்

சர்க்கார் உத்தியோகத்தைப் பற்றி நம்மவரிடையே இரண்டு பேச்சுகள் வழங்குகின்றன. "ஒருவன் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் அவனை அசைக்க முடியாது" என்பது ஒன்று. "மேலதிகாரிக்குப் பிடிக்காமற் போனால் ஒரே காகிதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவான், அப்புறம் கோர்ட்டுக்குப் போய்த்தான் வேலையை மீட்க வேண்டும்" என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே மாலையில் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். நம் சங்கத்து நண்பர்களில் பலர் மத்திய அரசாங்கத் தேர்வுகளுக்கும், ரயில்வே, பாங்குத் தேர்வுகளுக்கும் இராப்பகலாகப் படித்து வருகிறார்கள். சிலருடைய குடும்பங்கள் தகப்பனாரின் உத்தியோகத்தை முன்னிட்டே இவ்வடநாட்டு நகருக்கு வந்தவை. ஆகவே, அரசாங்கம் தன் ஊழியனைத் தண்டிக்கும்போது கோர்ட்டு எவ்வளவு தூரம் தலையிடும், எங்கே நின்றுவிடும் என்பதைச் சட்டம் படிக்கும் மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வேலையிழந்தவன் ஐகோர்ட்டில் ரிட் மனுப் போடும்போது, "இவன் குற்றம் செய்தானா, இல்லையா?" என்ற கேள்வியைக் கோர்ட்டு விசாரிப்பதில்லை. "இவன் குற்றம் செய்தான் என்று முடிவு கட்டினார்களே, அவர்கள் அந்த முடிவுக்கு எந்த வழியில் வந்து சேர்ந்தார்கள்?" என்பதையே அது விசாரிக்கிறது. முன்னது அப்பீல், பின்னது மறு ஆய்வு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஏட்டளவில் நுட்பமாகத் தோன்றும். மாதச் சம்பளம் நின்றுபோன குடும்பத்துக்கோ அந்த நுட்பம்தான் சோறு.

இந்தப் பின்னைய கேள்வியைக் கேட்கும் உரிமைகூடக் கோர்ட்டுகளுக்கு எளிதில் வந்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சியில், ஊழியன் என்பவன் மன்னருக்கு விருப்பம் உள்ளவரையில் வேலையில் இருப்பவன். விருப்பம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் அந்த விருப்பத்தின்மேல் சில விதிகளை வைத்தது. விதிகள் மீறப்பட்டால் என்ன செய்வது? இக்கேள்வி சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற இரண்டு வழக்குகளில் எழுந்தது. 1937-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அவை அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. ஒருவர் வெங்கட ராவ், சென்னை அரசாங்க அச்சகத்தில் ரீடராக இருந்தவர். அச்சகத்திலிருந்து இரகசியம் வெளியே கசிந்ததில் அவருக்குப் பங்கு உண்டு என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். விதிப்படி என்னை விசாரிக்கவில்லை என்பது அவர் முறையீடு. விதிகள் கடைப்பிடிக்கப்பட வேண்டியவைதாம், ஆனால் அவை மீறப்பட்டதற்காக ஊழியன் கோர்ட்டில் வழக்காட முடியாது என்று பிரிவி கவுன்சில் கைவிரித்துவிட்டது. மற்றவர் ரங்காச்சாரி, போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். அவரை நியமித்தவரைவிடக் கீழ்ப்பட்ட அதிகாரி ஒருவர் அவரை நீக்கினார். அந்த நீக்கம் செல்லாது என்றார்கள். ஏனெனில் அந்தத் தடை விதிகளில் அன்றி, சட்டத்தின் வாசகத்திலேயே இருந்தது. "யார் நீக்கினார்?" என்று கோர்ட்டு கேட்கலாம், "எப்படி நீக்கினார்?" என்று கேட்கலாகாது. அன்றைய நிலைமை அது.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் "எப்படி" என்பதையும் சட்டத்துக்குள் கொண்டு வந்தது: குற்றச்சாட்டுக்கு எதிராகக் காரணம் சொல்ல நியாயமான வாய்ப்பளிக்காமல் நீக்கக் கூடாது. ஐ.சி.எஸ். அதிகாரி லால் என்பவரின் வழக்கில் 1948-இல் பிரிவி கவுன்சில் இதைக் கொண்டே அவருடைய நீக்கம் செல்லாது என்றது. 1950-இல் நம் அரசியல் சட்டம் 310-ஆவது ஷரத்தில் ஜனாதிபதி, கவர்னர் ஆகியோரின் "விருப்பம்" என்ற பழைய கொள்கையை அப்படியே வைத்துக்கொண்டு, 311-ஆவது ஷரத்தில் அதற்குக் கடிவாளம் போட்டது. நியமித்த அதிகாரியைவிடக் கீழ்ப்பட்டவர் நீக்கக் கூடாது. குற்றச்சாட்டை இன்னதென்று தெரிவித்து, விசாரித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பும் கொடுத்த பிறகுதான் டிஸ்மிஸ் செய்யலாம், வேலையிலிருந்து அகற்றலாம், பதவியில் தாழ்த்தலாம். 226-ஆவது ஷரத்தோ ஐகோர்ட்டுக்கு ரிட் பிறப்பிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. கடிவாளத்தைப் பிடிக்க ஒரு கையும் கிடைத்தது என்க.

விசாரணை நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசாங்க ஊழியருக்கு 1965-ஆம் ஆண்டு விதிகள். பெரிய தண்டனை என்றால் முதலில் சார்ஜ் மெமோ வரும்; அதனோடு சாட்சிகள், தஸ்தாவேஜுகள் ஆகியவற்றின் பட்டியலும் வரும். குற்றத்தை மறுத்தால் விசாரணை அதிகாரி ஒருவர் நியமிக்கப்படுவார். இலாகாவின் தரப்பை எடுத்துச் சொல்ல வேறோர் அதிகாரி. ஊழியனுக்கு உதவியாக இன்னோர் அரசாங்க ஊழியர் இருக்கலாம். வக்கீல் வைத்துக்கொள்வது பொதுவாக முடியாது, எதிர்த் தரப்பில் வக்கீல் இருந்தாலன்றி, அல்லது அதிகாரி அனுமதித்தாலன்றி. விசாரணை அறிக்கை முடிந்ததும் அதன் நகல் ஊழியனுக்குத் தரப்படும். பதினைந்து நாளில் தன் ஆட்சேபணையை எழுதலாம். அதன்பின் தண்டனை அதிகாரி உத்தரவு போடுவார். ஒரு காலத்தில், "இந்தத் தண்டனையை ஏன் விதிக்கக் கூடாது?" என்று இரண்டாவது முறையும் கேட்க வேண்டியிருந்தது, 1976-இல் இயற்றிய 42-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது.

இனிச் சாட்சியத்துக்கு வருவோம். கோர்ட்டின் பார்வை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலாவது, 1963-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த கோயல் வழக்கு. மத்திய பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்த ஒருவர் தம் சீனியாரிட்டி சம்பந்தமாக முறையிட மேலதிகாரி ஒருவரின் வீட்டுக்குப் போகிறார். பேச்சின் நடுவே சட்டைப் பையிலிருந்து மடித்த நூறு ரூபாய் நோட்டுப் போன்ற ஒன்றை எடுக்கிறார். மேலதிகாரி முகத்தைச் சுளிக்கிறார். இவர் அதை மறுபடியும் பையில் வைத்துக்கொள்கிறார். நடந்தது அவ்வளவே. இலஞ்சம் கொடுக்க முயன்றார் என்று குற்றச்சாட்டு. விசாரணை அதிகாரி குற்றம் நிரூபணமாகவில்லை என்றார். அரசாங்கம் அதை ஏற்காமல் அவரை டிஸ்மிஸ் செய்தது. சுப்ரீம் கோர்ட்டோ, எடுத்தது நோட்டுத்தானா, நோட்டேயானாலும் கொடுப்பதற்காக எடுத்ததா என்பதற்கு இங்கே சந்தேகம் இருக்கிறதேயன்றிச் சாட்சியம் என்று ஒன்றும் இல்லை, இலாகா விசாரணையிலும் சந்தேகம் நிரூபணம் ஆகிவிடாது என்று கூறி ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. (விசாரணை அதிகாரி விடுவித்த பிறகு தண்டனை அதிகாரி மாறுபட்ட முடிவுக்கு வருவதாயிருந்தால், அதற்குரிய காரணங்களை ஊழியனிடம் சொல்லிப் பதில் கேட்டே ஆக வேண்டும் என்பது 1998-இல் பஞ்சாப் நேஷனல் பாங்கு வழக்கில் உறுதியாயிற்று.)

இரண்டாவது, 1977-இல் தீர்ந்த ரத்தன் சிங் வழக்கு. ஹரியானா ரோடுவேஸ் பஸ் ஒன்றைப் பறக்கும் படையினர் சோதித்தார்கள். பதினொரு பயணிகளிடம் டிக்கெட் இல்லை. காசு கொடுத்துவிட்டோம், டிக்கெட்தான் தரவில்லை என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு அவர்கள் இசையவில்லை. விசாரணையில் அந்தப் பதினொருவரில் ஒருவர்கூடச் சாட்சி சொல்லவில்லை. பறக்கும் படை இன்ஸ்பெக்டர் வந்து சொன்னார். கண்டக்டருடைய வேலை போயிற்று. பயணிகளை விசாரிக்காதது தவறு என்று கீழ்க் கோர்ட்டுகள் கண்டக்டருக்குச் சாதகமாகச் சொல்லின. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதை மாற்றிவிட்டார். இலாகா விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கடுமையான விதிகள் பொருந்தா. கேள்விச் சாட்சியமேயானாலும், சம்பவத்தோடு நியாயமான தொடர்பும் நம்பகமும் உள்ளதாயின் கொள்ளலாம். ஏதேனும் சாட்சியம் இருந்ததா என்றுதான் கோர்ட்டு பார்க்கும், போதுமான சாட்சியமா என்று தராசில் நிறுத்துப் பார்ப்பது அதன் வேலையன்று என்றார்.

தொழிலாளரிடம் பரிவு மிக்கவர் என்று பெயர் பெற்ற நீதிபதி ஒரு கண்டக்டருக்கு எதிராக இப்படி எழுதினாரே என்பது எனக்கு முதலில் வியப்பாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். ஊர் ஊராகப் போய்விட்ட பயணிகளை டிப்போவுக்குக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வை என்றால் எந்தப் பஸ் நிர்வாகமும் எந்தக் கண்டக்டரையும் விசாரிக்க முடியாது. கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இலாகா விசாரணையில் எது நிகழ்ந்திருக்கக்கூடியது என்ற அளவே போதும். நோட்டு வழக்கில் அந்த அளவுக்கும் ஒன்றுமில்லை. பஸ் வழக்கில் கொஞ்சம் இருந்தது. "ஒன்றுமில்லை" என்பதற்கும் "கொஞ்சம்" என்பதற்கும் இடையேதான் கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோடு மிக மெல்லியது என்பதும், சில தீர்ப்புகளில் அது ஊழியனுக்கு விரோதமாகவே நகர்ந்துவிடுகிறது என்பதும் என் கருத்து. நல்ல வேளையாக, 2008-இல் ரூப் சிங் நேகி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கோட்டைச் சிறிது திருத்தி அழுத்தமாக்கியது. பாங்கு ஊழியர் ஒருவர் போலீசாரிடம் கொடுத்ததாகச் சொன்ன வாக்குமூலத்தையும் சில காகிதங்களையும் மேசைமேல் வைத்துவிட்டு நிரூபணமாகிவிட்டது என்றார்கள். காகிதத்தை வைப்பது நிரூபணமாகாது, அதிலுள்ள விஷயத்தைச் சாட்சி வந்து சொல்ல வேண்டும் என்று கூறி நீக்கத்தை ரத்துச் செய்தார்கள்.

சாட்சியத்தைவிடக் கோர்ட்டு கூர்ந்து பார்ப்பது விசாரித்தவர் யார் என்பதை. இதற்கு உத்தரப் பிரதேசத்தின் முகம்மது நூஹ் வழக்கைப்போல் விசித்திரமானது வேறில்லை. 1948-இல் ஒரு போலீஸ் ஹெட் கான்ஸ்டபிளை சூப்பரிண்டெண்ட் ஒருவர் விசாரித்தார். சாட்சி ஒருவர் எதிர்பார்த்தபடி சொல்லவில்லை. உடனே விசாரணை செய்கிற அந்த அதிகாரியே, அச்சாட்சியைப் பொய்யாக்கத் தாமே சாட்சி சொன்னார்! தம்முடைய வாக்குமூலத்தை வேறோர் அதிகாரியைக்கொண்டு எழுதச் செய்து, பிறகு மீண்டும் நாற்காலியில் அமர்ந்து, தம் சாட்சியத்தைத் தாமே நம்பி, அவரை டிஸ்மிஸும் செய்தார். அலகாபாத் ஐகோர்ட்டு அந்த உத்தரவைத் தள்ளியது. 1957-இல் சுப்ரீம் கோர்ட்டும் இது நியாயத்தின் அடிப்படைக்கே விரோதம் என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த மனிதருக்கு வேலை திரும்பவில்லை. டிஸ்மிஸ் ஆனது 1948-இல்; ரிட் அதிகாரம் பிறந்ததோ 1950-இல்; பின்னோக்கிச் செல்லாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி விவியன் போஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். இவ்வழக்கைப் படித்தபோது மனம் அவர் பக்கமே சாய்ந்தது. அநீதி என்று ஐயமின்றித் தெரிந்த பின்னும் காலண்டரைக் காட்டுவது எனக்கு உவப்பாக இல்லை.

நம்மவர்க்கு நெருக்கமான ஓரிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோலார் தங்க வயலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்ததை அறியாதார் யார்? அங்கே பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசாங்கக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வீட்டை 1985-இல் போலீசார் சோதனை போட்டு, 4.5 கிராம் எடையுள்ள தங்க உருண்டையும், தங்கம் கலந்த மணலும் அகப்பட்டதாகச் சொன்னார்கள். அவர் சஸ்பெண்டு ஆனார். அதே சம்பவத்தின்மேல் கிரிமினல் வழக்கு ஒருபுறம், இலாகா விசாரணை ஒருபுறம்.

சஸ்பென்ஷனில் இருப்பவனுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் உயிர் வாழ்வதற்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும். பிழைப்பூதியம் என்று அதற்குப் பெயர். அதை இவருக்குக் கொடுக்கவில்லை. இவர் கேரளத்தில் தம் ஊருக்குப் போய்விட்டிருந்தார். அங்கிருந்து விசாரணைக்கு வந்துபோகக் கையில் காசில்லை, உடம்பும் சரியில்லை, விசாரணையைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டார். கேட்கவில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடந்து முடிந்து 1986-இல் டிஸ்மிஸ் உத்தரவும் வந்தது. 1987-இல் கிரிமினல் கோர்ட்டு அந்தச் சோதனையே நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்தது. கம்பெனி அசையவில்லை. கர்நாடக ஐகோர்ட்டில் தனி நீதிபதி முன் ஜயித்தார், அப்பீலில் தோற்றார், 1999-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஜயித்தார். கேப்டன் பால் அந்தோணி வழக்கு என்று இன்று எல்லாச் சட்டப் புத்தகங்களிலும் இருப்பது இதுவே. பிழைப்பூதியம் கொடுக்காமல், வரமுடியாமற் செய்துவிட்டு, வரவில்லையென்று தனியே விசாரிப்பது வாய்ப்பளித்ததாகாது என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. இரண்டு இடத்திலும் ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள் என்றிருக்கும்போது, ஓரிடத்தில் பொய்யென்று தள்ளப்பட்டதை இன்னோரிடத்தில் மெய்யென்று வைத்துக்கொண்டு வேலையைப் பறிப்பது அநியாயம் என்பது மற்றொரு பகுதி. (கிரிமினல் வழக்கில் விடுதலையானால் வேலை தானாகவே திரும்பிவிடும் என்று இதிலிருந்து பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று. சாட்சியங்கள் வேறுபட்டால், அல்லது வெறும் சந்தேகத்தின் பலனால் விடுதலையானால், இலாகாவின் முடிவு நிற்கவே செய்யும்.) வேலையும், சஸ்பென்ஷன் நாள் முதலான சம்பளப் பாக்கியும் அவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. 2001-இல் சுரங்கமே மூடப்பட்டது.

பிழைப்பூதியம் பற்றிய இந்த நியாயம் அதற்கு முன்பே 1973-இல் மத்தியப் பிரதேச வன இலாகா ரேஞ்சர் ஒருவரின் வழக்கில் சொல்லப்பட்டதுதான். அவர் இருந்த ரீவாவுக்கும் விசாரணை நடந்த ஜகதல்பூருக்கும் 500 கிலோமீட்டர் தூரம்! நியாயமான வாய்ப்பு என்பதைச் சட்டப் புத்தகத்தின் சொல்லாக மட்டும் எண்ணாமல், ரயில் சார்ஜாகவும் சாப்பாட்டுச் செலவாகவும் கோர்ட்டு கணக்கிட்டுப் பார்த்த இடங்கள் இவை.

இனித் தண்டனை. குற்றம் நிரூபணமாகிவிட்டது, ஆனால் தண்டனை மிகக் கடுமை என்றால் கோர்ட்டு குறைக்குமா? பொதுவாகக் குறைக்காது. 1995-இல் வருமான வரி அதிகாரி ஒருவரின் வழக்கில் (சதுர்வேதி வழக்கு என்பர்) டிரிபியூனல் இரக்கப்பட்டு டிஸ்மிஸைக் கட்டாய ஓய்வாக மாற்றியது. அது டிரிபியூனலின் வேலையன்று என்று சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்துவிட்டது. கோர்ட்டின் மனச்சாட்சியையே அதிர வைக்கும் தண்டனையானால் மட்டும் தலையிடலாம். அப்படி அதிர்ந்த வழக்கும் உண்டு. 1987-இல் தீர்ந்த ரஞ்சித் தாக்கூர் வழக்கில், ராணுவத்தில் சிக்னல்மேன் ஒருவர் தம் கமாண்டிங் அதிகாரியைப் பற்றி நேராக மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அதற்காக 28 நாள் கடுங்காவல். காவலில் இருக்கும்போது, சாப்பிடு என்று இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று கோர்ட் மார்ஷல். அதில் நீதிபதியாக உட்கார்ந்தவர்களில் ஒருவர், யார்மேல் புகார் எழுதினாரோ அவரே! ஓராண்டுச் சிறை, டிஸ்மிஸ். பட்சபாதம் ஒன்று, குற்றத்துக்குச் சிறிதும் பொருந்தாத தண்டனை மற்றொன்று என்று இரண்டு காரணத்தாலும் அது தள்ளப்பட்டது.

விசாரணையே இல்லாமல் நீக்கவும் வழி உண்டு. 311-ஆவது ஷரத்திலேயே மூன்று விலக்குகள் இருக்கின்றன: கிரிமினல் கோர்ட்டில் தண்டனை பெற்றவன், விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று அதிகாரி காரணத்தை எழுதி வைத்த இடம், நாட்டின் பாதுகாப்பு. வேலைநிறுத்தம் செய்த ரயில்வே லோகோ ஊழியர் முதலாகப் பலர் இப்படி நீக்கப்பட்டு, 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் முன் வந்தார்கள். நால்வர் அரசாங்கத்தின் பக்கம் சொன்னார்கள். இயலாமைக்கு உண்மையான காரணம் இருந்ததா என்று கோர்ட்டு பார்க்கலாம் என்பது மட்டுமே ஊழியர்க்குக் கிடைத்த மிச்சம். முதல் விலக்கு நியாயமானது. மூன்றாவதைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை. இரண்டாவதுதான் ஆபத்தானது. விசாரணைக்குச் சோம்பற்பட்ட அதிகாரிக்கும் "இயலாது" என்று எழுத ஒரு வரி போதுமன்றோ?

இதுவரை சொன்னது நேரே அரசாங்கத்தின்கீழ் வேலை பார்ப்பவர்களுக்கு. ஆயுள் இன்ஷூரன்ஸ், அரசாங்க பாங்குகள், எண்ணெய்க் கம்பெனி முதலியவற்றில் சேரப்போகும் நண்பர்கள் கவனிக்க: 311-ஆவது ஷரத்து உங்களுக்கு இல்லை. ஆனால் 1975-இல் சுக்தேவ் சிங் வழக்குத் தொடங்கி, அத்தகைய நிறுவனங்களும் அரசின் அங்கமே, 14-ஆவது ஷரத்தின் சமத்துவம் அவற்றையும் கட்டும் என்று கோர்ட்டு விரித்துக்கொண்டே வந்தது. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காரணமே சொல்லாமல் யாரையும் அனுப்பலாம் என்று கல்கத்தாவின் உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கார்ப்பரேஷன் ஒரு விதி வைத்திருந்தது. 1986-இல் பிரஜோநாத் கங்கூலி வழக்கில் அது செல்லாது என்றார்கள்.

மாணவராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. தேர்வில் காப்பி அடித்ததாகப் பையன்களின் முடிவை ரத்துச் செய்யுமுன் அவர்களைக் கேட்க வேண்டும் என்று 1962-இல் உத்தரப் பிரதேச ஹைஸ்கூல் போர்டு வழக்கில் சொன்னார்கள். ஆனால் 1973-இல், ராஞ்சி மருத்துவக் கல்லூரியில் பெண்கள் விடுதிக்குள் இரவில் புகுந்த மாணவர் வழக்கில், புகார் கொடுத்த பெண்களின் பெயரை மறைத்து, மாணவர் இல்லாத இடத்தில் அவர்களை விசாரித்தது சரியே என்றார்கள். அந்தப் பெண்கள் நாளைக்கும் அதே கல்லூரிக்கு வரவேண்டியவர்கள் என்பதைக் கோர்ட்டு மறக்கவில்லை.

கடைசியாக, ஜயித்தவன் நிலை என்ன? மத்திய அரசாங்க ஊழியன் முதலில் போக வேண்டிய இடம் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நிர்வாக டிரிபியூனல்; 1997-இல் சந்திரகுமார் வழக்குக்குப் பின், அதன் தீர்ப்பை ஐகோர்ட்டின் டிவிஷன் பெஞ்சு பரிசீலிக்கலாம். அங்கே வென்றதும் நிலுவைச் சம்பளத்தோடு நாற்காலி காத்திருக்கும் என்று நினைப்பவர்கள் 1993-ஆம் ஆண்டின் கருணாகர் வழக்கைப் படிக்க வேண்டும். விசாரணை அறிக்கையின் நகலை ஊழியனுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் கொடுக்காததனால் மட்டும் வேலை திரும்பிவிடாது. கொடுக்காததால் அவனுக்கு என்ன கெடுதல் நேர்ந்தது என்று கோர்ட்டு பார்க்கும். கெடுதல் உண்டு என்று கண்டால், தடங்கல் நேர்ந்த கட்டத்திலிருந்து விசாரணையை மீண்டும் நடத்தலாம் என்று திருப்பி அனுப்பும். அதுவரை அவன் சஸ்பென்ஷனில் இருப்பவனாகவே கருதப்படலாம். பழைய சம்பளமா, இல்லையா என்பது புது முடிவைப் பொறுத்தது.

ஆகவே பெரும்பாலும் அந்தப் பழைய விசாரணை அறைக்கேதான் திரும்பி வர வேண்டியிருக்கும். அங்கே எழுத்தில் பதியாத ஆட்சேபணையைப் பின்னால் ஐகோர்ட்டு வக்கீல் எவ்வளவு அழகாகப் பேசினாலும் புகுத்துவது கடினம். பார்க்கக் கேட்ட தஸ்தாவேஜைத் தரவில்லையானால், கேட்டேன் தரவில்லை என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். விசாரணை அதிகாரியிடம் பட்சபாதம் தெரிந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் அப்போதே சொல்ல வேண்டும். தண்டனை உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 45 நாளில் இலாகா அப்பீல். அப்பீலில் இறுதி உத்தரவு வந்ததிலிருந்து ஓராண்டுக்குள் டிரிபியூனல். அப்பீலைப் போட்டு ஆறு மாதமாகியும் பதில் இல்லையானால், மேலும் பதில் வரட்டும் என்று இராமல், அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்தே ஓராண்டை எண்ணிக்கொள்ள வேண்டும்.